பக்கத்துக்குப் பாயின்ட் கொடுக்காதீர்கள்: ஒரு திறந்த மடல்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலும், எல்லைக்கு அந்தப் பக்கம் கழக்கூட்டம் டெக்னோபார்க்கிலும் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவர்களுக்கும், டெலிவரி மேனேஜர், ஆர்க்கிடெக்ட், டீம் லீட் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நோட்டீஸ் பீரியடின் கடைசி இரண்டு வாரம் 'கே.டி.' (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், தெரிந்ததைக் கைமாற்றுவது) என்ற பெயரில் எப்படிக் கழியும் என்பதை நாங்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போகிறவர் ஸ்கிரீனை ஷேர் செய்து ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து காட்டுவார். இருக்கிறவர் 'ம்' கொட்டுவார். ஒன்றரை மணி நேர ரெக்கார்டிங் ஒன்று டிரைவில் ஏறும். அதோடு சரி, அதை யாரும் திறப்பதில்லை. மூன்று மாதம் கழித்து, 'இந்த ரீட்ரை (தோற்றால் மறுபடி முயல்வது) மூன்று தடவையோடு ஏன் நின்றுவிடுகிறது? ஐந்து வைத்தால் என்ன?' என்று ஒரு கேள்வி எழும். பதில் தெரிந்த ஆள் அதற்குள் கொச்சியிலோ பெங்களூரிலோ வேறு வேலையில் இருப்பார்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் பல இடங்களில் கேமிஃபிகேஷனை, அதாவது வேலையை விளையாட்டுப் போல ஆக்குவதை, கொண்டுவருகிறார்கள். ஆவணம் எழுதினால் பாயின்ட், பத்து எழுதினால் பேட்ஜ், மாதக் கடைசியில் லீடர்போர்டு, முதலிடத்துக்குக் கிஃப்ட் கூப்பன். எண்ணம் நல்லதுதான். ஆனால் பாயின்ட் எதற்கு என்று முடிவு செய்யும் இடத்தில் காரியம் கெட்டுவிடுகிறது. எழுதிய பக்கத்துக்குக் கொடுத்தால் பக்கங்கள் வந்து குவியும், கேள்வி அப்படியே இருக்கும். தீர்ந்த கேள்விக்குக் கொடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. கீழே வருவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்ற விவரம்.

முதலில், எதை எழுதச் சொல்கிறோம்? மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தூண்கள் தெரியும், தூண்களின் மேல் தொட்டி தெரியும். வாய்க்கால் தண்ணீர் அக்கரை நிலத்தில் பாய வேண்டுமென்றால் இந்த மட்டத்தை விட்டு இறங்கவே கூடாது என்ற காரணம் அடியில் நிற்பவர் கண்ணுக்குப் படாது. புரோகிராமும் அப்படித்தான். என்ன செய்திருக்கிறோம் என்பது அதிலேயே இருக்கிறது. ஏன் அப்படிச் செய்தோம், வேறு எந்த வழியை யோசித்துத் தள்ளினோம் என்பது அதில் இல்லை. டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985இல் வைத்த வாதமும் இதை ஒட்டியதே: புரோகிராமின் உயிர் அதை எழுதியவர்கள் மனதில் இருக்கும் புரிதல், அந்தக் குழு கலைந்தால், புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தாலும் உயிர் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். அந்தப் புரிதலை ஆவணத்தால் முழுதாகக் கடத்த முடியும் என்று அவர் நம்பவில்லை. நாங்களும் முழுதாக என்று சொல்லவில்லை. ஆனால் எடுத்த முடிவும் தள்ளிய வழியும் எழுத்துக்குள் அடங்கும்.

அதற்கு ஏற்ற வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. 2011இல் மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் முன்வைத்த 'ஏ.டி.ஆர்.' (ஆர்க்கிடெக்சர் டெசிஷன் ரெக்கார்ட்) என்ற முடிவுப் பதிவு. தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவு என்று ஐந்தே பகுதி, ஒன்றிரண்டு பக்கம், புரோகிராம் இருக்கும் அதே ரெப்போவில் ஒரு ஃபைல். இவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்க்கச் சொல்கிறோம்: தள்ளிய வழி, திரும்பப் பார்க்க வேண்டிய நேரம். கற்பனையான ஒரு கட்டணச் சேவைக்கு இப்படி இருக்கும்:

தலைப்பு: கட்டண அறிவிப்புகளைத் தனி மெசேஜ் க்யூவில் (செய்திகளை வரிசையில் வைக்கும் சர்வர்) போடாமல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டேபிளிலேயே வரிசைப்படுத்துகிறோம்.
நிலை: ஏற்கப்பட்டது.
சூழல்: வங்கியிடமிருந்து ஒரே அறிவிப்பு இரண்டு மூன்று தடவை வருகிறது. உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 40 வரை. குழுவில் 4 பேர். இரவில் சர்வர் பார்க்கத் தனி ஆள் இல்லை. போஸ்ட்கிரெஸ் ஏற்கெனவே ஓடுகிறது, பேக்கப்பும் நடக்கிறது.
முடிவு: அறிவிப்பு எண்ணுக்கு யுனீக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு தடவை ஏறாது) போட்ட ஒரு டேபிள். வேலை செய்யும் புரோசஸ்கள் 'ஸ்கிப் லாக்ட்' வசதியோடு வரிகளை எடுக்கும். ஒரு புரோசஸ் பூட்டிய வரியை இன்னொன்று தாண்டிப் போய்விடும்.
தள்ளிய வழி: ராபிட் எம்.கியூ. என்ற மெசேஜ் க்யூ. வேகம் போதும். ஆனால் கவனிக்க இன்னொரு சர்வர். அறிவிப்பு இரண்டு தடவை வரும் சிக்கலை அதுவும் தீர்க்காது, டேபிளில் யுனீக் கட்டுப்பாடு எப்படியும் வேண்டும்.
விளைவு: முடிந்த வரிகளை இரவில் அழிக்க ஒரு வேலை ஓட வேண்டும். அழிக்காவிட்டால் டேபிள் ஊதி, தேடல் மெதுவாகும்.
திரும்பப் பார்க்க: அறிவிப்பு நிமிடத்துக்கு 2000ஐத் தாண்டினால், அல்லது இதே அறிவிப்பை வேறு இரண்டு சேவைகள் கேட்டால்.

படித்து முடிக்க இரண்டு நிமிடம் போதும். முடிவு எடுத்த அன்றே எழுதினால் எழுத இருபது நிமிடம் ஆகும். ஆறு மாதம் கழித்து எழுத உட்கார்ந்தால் அரை நாள் போகும், அப்போதும் 'தள்ளிய வழி' பகுதி காலியாகவே நிற்கும். மனித மனம் முதலில் மறப்பது அதைத்தான். தேர்ந்தெடுத்த வழி கண் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, தள்ளிய வழிக்கு எந்தத் தடயமும் மிஞ்சுவதில்லை. இரண்டு வருடம் கழித்துச் சேரும் சுறுசுறுப்பான ஒருவர், 'இதற்கெல்லாம் ராபிட் எம்.கியூ. போடலாமே' என்று மூன்று வாரம் உழைத்து அதைக் கொண்டுவந்து நிறுத்துவது இதனால்தான். எந்த விளையாட்டு வைத்தாலும் 'தள்ளிய வழி', 'திரும்பப் பார்க்க' என்ற இரண்டு வரியை நோக்கி அது ஆளை இழுக்க வேண்டும்.

பாயின்ட் தவறான இடத்தில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஊரறிந்த உதாரணங்கள் உண்டு. நாங்கள் எல்லோரும் தினம் திறக்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற புரோகிராமர்கள் தளத்தில் கேள்வி பதில் நன்றாகவே ஓடியது. பதிலுக்கு ஒரு ஓட்டு விழுந்தால் 10, கேட்டவர் அந்தப் பதிலை ஏற்றால் 15, ஓட்டுகளால் ஒரு நாளில் சேர்வதற்கு 200 என்று உச்சவரம்பு. அங்கே ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஒரு மனிதரின் கேள்வி நின்றது. அதே தளம், அதே பயனர்கள், புள்ளியும் அதே கணக்கில் சேரும் என்ற ஏற்பாட்டோடு 2016இல் 'டாகுமென்டேஷன்' என்ற தனிப் பகுதியைத் திறந்தார்கள். கேள்வி இல்லை, தலைப்பு இருந்தது, உதாரணம் எழுதலாம், திருத்தலாம். எளிய, பிரபலமான தலைப்புகளில் கை வைத்தவர்களுக்குப் புள்ளி எளிதாகச் சேர்ந்தது, புள்ளி முறை பற்றிப் பயனர்களே நிறையக் குறை சொன்னார்கள். 2017 ஆகஸ்டில் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். மூடியதற்குப் புள்ளி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் கேட்க ஆள் இல்லாத இடத்தில் பதிலுக்குப் பரிசு வைப்பது எப்படி முடியும் என்று அதில் பார்க்கலாம்.

திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிக்க அழைக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஆண்டு நிகழ்வின் கதை இன்னும் பச்சை. அப்போது அக்டோபர் மாதத்துக்குள் நான்கு புல் ரிக்வெஸ்ட் (இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் கிடைத்தது. 2020இல் உலகம் முழுக்க ரெப்போக்களில் ரீட்மீ என்ற அறிமுக ஃபைலில் ஒரு அடைமொழி சேர்த்தது, ஒரு கமா நகர்த்தியது என்று குப்பை வந்து கொட்டியது. மாதம் பிறந்து மூன்றாம் நாளே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த ரெப்போக்களில் மட்டும்தான் கணக்கு என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. குப்பை வந்து விழுந்த இடத்தைக் கவனியுங்கள். புரோகிராமை மாற்றினால் டெஸ்ட் உடையும். ஆவணத்தை மாற்றினால் எதுவும் உடையாது. எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் கூட்டம் முதலில் ஓடுவது ஆவணத்தை நோக்கித்தான்.

மூன்றாவது, புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம். தொடர்ந்து எத்தனை நாள் பங்களித்தீர்கள் என்று காட்டும் 'ஸ்ட்ரீக்' எண் ப்ரொஃபைலில் இருந்தது. 2016 மே மாதம் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்த பின் என்ன மாறியது என்று ஆராய்ந்து 2021இல் வெளிவந்த ஆய்வு, நீண்ட தொடர்கள் குறைந்ததையும், வார இறுதி வேலை குறைந்ததையும், கணக்குக்காக ஒரே ஒரு பங்களிப்பு செய்த நாட்கள் குறைந்ததையும் காட்டியது. ஒரு சின்ன எண் மனிதரை ஞாயிற்றுக்கிழமையும் உட்கார வைத்திருந்தது. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் வெட்டுகிறவர்களைக் கேளுங்கள். தினம் கத்தி வைத்தால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும், ஒருநாள் விட்டு ஒருநாள்தான் என்பார்கள்.

இனி எங்கள் திட்டம்.

தொடக்கம் எழுத்தில் இல்லை, கேள்வியில். ரெப்போவிலேயே 'ஏன் இப்படி?' என்று ஒரு லேபிள் வையுங்கள். குழுவில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் ஒரு வரியில் அங்கே பதியட்டும்: 'கஸ்டமர் டேபிளில் போன் நம்பர் ஏன் இரண்டு இடத்தில்?' இன்னொருவருக்கும் அதே கேள்வி இருந்தால் கீழே தன் பெயரைச் சேர்க்கட்டும். இரண்டாவது பெயர் விழுந்த பிறகே கேட்டவருக்கு 1 புள்ளி. தனி ஒருவர் உட்கார்ந்து முப்பது கேள்வி போட்டுக் குவிப்பதை இது தடுக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதில் முன்னே வருவார்கள். வரட்டும். வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாத படி விருந்தாளி காலில்தான் இடறும்.

கேள்விக்குப் பதிலாக ஒரு முடிவுப் பதிவு எழுதி, வேறொருவர் ரிவ்யூ செய்து மெர்ஜ் ஆனால் (ரெப்போவில் சேர்ந்தால்) எழுதியவருக்கு 2. இது குறைவாகத் தோன்றும், வேண்டுமென்றேதான் குறைத்திருக்கிறோம். பெரிய புள்ளி பின்னால் வருகிறது: இன்னொருவர் தன் புல் ரிக்வெஸ்டில் 'உதவிய பதிவு' என்ற வரியில் இந்தப் பதிவைக் குறிப்பிட்டால் எழுதியவருக்கு 5, குறிப்பிட்டவருக்கு 1. யாரையும் கேட்காமலே வேலை முடிந்தது என்பதற்கு அந்த வரி சாட்சி. பழைய பதிவு ஒன்று காலாவதியாகிவிட்டது என்று கண்டுபிடித்து, நிலையை மாற்றி, புதிய பதிவோடு இணைத்தால் 4. புதிதாக எழுதுவதைவிடப் பழையதைச் சரிசெய்வதற்கு இரட்டிப்பு என்பது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். பொய்யான ஆவணம் ஆவணமே இல்லாததைவிட மோசம். இல்லாவிட்டால் ஆள் புரோகிராமைப் படிப்பார், பொய்யாக இருந்தால் நம்பிக் கெடுவார்.

இன்னொரு புள்ளியும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். 'காரணம் தெரியவில்லை, இன்னின்னாரைக் கேட்டோம், இன்ன தேதி' என்று பதிந்தாலும் 1. பழைய சிஸ்டங்களில் பாதிக் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான். இதற்குப் புள்ளி இல்லையென்றால் ஆட்கள் காரணத்தைக் கற்பனை செய்து எழுதுவார்கள். 'பெர்ஃபார்மன்ஸுக்காக' என்ற ஒற்றைச் சொல் எத்தனை பொய்க்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது என்பது ரிவ்யூ செய்கிறவர்களுக்குத் தெரியும்.

லைக்குக்குப் புள்ளி வைக்கவே கூடாது. வைத்த இரண்டாவது வாரம் அது கல்யாண வீட்டு மொய் ஆகிவிடும். அவர் எனக்கு எழுதினார், நான் அவருக்குத் திருப்பி எழுத வேண்டும் என்று மனசுக்குள் ஒரு நோட்டு ஓட ஆரம்பிக்கும். அதே ஆபத்து 'உதவிய பதிவு' வரிக்கும் உண்டு. அதனால் ஒரே ஜோடிக்குள் ஒரு சுற்றுக்கு 2 தடவைக்கு மேல் கணக்கில் சேராது என்று வரம்பு வையுங்கள். வாரத்துக்கு ஓர் ஆளுக்கு 15 என்ற உச்சவரம்பும் வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் ஒரே முடிவை ஆறு துண்டாக வெட்டி ஆறு பதிவு போட்டுவிட்டுப் போவார். எட்டுப் பேர் குழுவில் ஆறு வாரத்தில் உண்மையான டிசைன் முடிவு பத்துப் பன்னிரண்டு தேறலாம். அறுபது பதிவு வந்திருந்தால் மகிழ வேண்டாம், விதியைப் பாருங்கள்.

இதற்கென்று ஒரு போர்ட்டல் வாங்காதீர்கள். தனியாக லாகின் செய்து 'படித்தேன்' என்று அழுத்த வேண்டிய எந்த ஏற்பாடும் இரண்டாவது மாதம் தாண்டாது. புல் ரிக்வெஸ்ட் டெம்ப்ளேட்டில் இரண்டே வரி போதும்: 'இதில் டிசைன் முடிவு உண்டா? பதிவு எது?' என்று ஒன்று. 'உதவிய பதிவு' என்று இன்னொன்று. வாரம் ஒருமுறை ஓடும் நூறு வரி ஸ்கிரிப்ட் ஒன்று இந்த வரிகளை எண்ணி, டீம் சேனலில் ஒரு மெசேஜ் போட்டுவிடும். ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சி.ஐ.யில் சிறு பாட் (தானியங்கிப் புரோகிராம்) ஒன்றும் வையுங்கள். டேட்டாபேஸ் மைக்ரேஷன் ஃபோல்டர், ஏ.பி.ஐ. ஒப்பந்த ஃபைல், டிபென்டென்சி ஃபைல், டைம்அவுட்டும் ரீட்ரையும் இருக்கும் கான்ஃபிக் என்று நான்கு இடத்தில் எதைத் தொட்டிருந்தாலும், பதிவு இல்லையென்றால் ஒரு கமென்ட் போடட்டும். மெர்ஜைத் தடுக்க வேண்டாம். தடுத்தால், நாகர்கோவில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் 'அப்டேட் டன்' என்று ஒரு வரிப் பதிவு போட்டுத் தாண்டிவிடுவார், அந்த வரி என்றென்றைக்கும் அங்கே கிடக்கும்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் முதல் வாரமே கடிக்கும். பதிவுகளுக்கு 0017, 0018 என்று வரிசை எண் கொடுத்தால் இரண்டு பேர் இரண்டு பிராஞ்சில் (தனித்தனிக் கிளைகளில்) ஒரே சமயத்தில் 0018 எடுப்பார்கள். மெர்ஜில் ஃபைல் பெயர் வேறு வேறாக இருப்பதால், மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கருவியான கிட் எச்சரிக்காது. பிறகு '18ஐப் பாருங்கள்' என்றால் எந்த 18? எண்ணை மெர்ஜ் செய்யும்போது கொடுங்கள், அல்லது தேதியையும் குறுந்தலைப்பையும் ஃபைல் பெயராக வையுங்கள். ஒருமுறை கொடுத்த எண்ணை மறுபடி பயன்படுத்தாதீர்கள், காலாவதியான பதிவை அழிக்கவும் செய்யாதீர்கள். கிட் திறக்காத டெஸ்டர்களுக்கும் பிசினஸ் அனலிஸ்டுகளுக்கும் அதே ஃபைல்களை ஒரு வெப் பக்கமாகத் தானாக வெளியிட்டுவிடலாம்.

சுற்று ஆறு வாரம், அதன் பின் ஸ்கோர் பூஜ்யம், நான்கு வாரம் ஓய்வு. டெம்ப்ளேட்டும் அந்தப் பாட் புரோகிராமும் ஓய்விலும் ஓடும், புள்ளி மட்டும் இல்லை. புதுமை தேய்ந்த பிறகும் ஸ்கோர்போர்டை இழுத்துக்கொண்டே போனால் பின்தங்கியவர்கள் மொத்தமாகக் கைவிட்டுவிடுவார்கள். மேலே இருக்கும் இரண்டு பேர் மட்டும் ஆடிக்கொண்டிருப்பார்கள். தனிநபர் வரிசையைப் பொதுவில் தொங்கவிடாதீர்கள். குழுவின் மொத்தம் எல்லோருக்கும் தெரியட்டும், தன் கணக்கு தனக்கு மட்டும் தெரியட்டும்.

பரிசு பணமாகவோ கூப்பனாகவோ வேண்டாம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் மழலையர் பள்ளியில் நடத்திய சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்னால் பரிசு எதுவும் இல்லாத நாளில் அந்தக் குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைந்த நேரம் வரைந்தார்கள். பரிசை எதிர்பார்க்காதவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. டெவலப்பர்களில் ஆவணம் எழுத ஆசைப்படுவோர் அபூர்வம் என்பதால் இது நமக்குப் பொருந்தாது என்று வாதாடலாம். இருக்கும் அந்த ஒன்றிரண்டு பேரையும் இழக்க வேண்டாம் என்பது எங்கள் பதில். சுற்று முடிந்தால் குழு முழுவதற்கும் அரை நாள் கொடுங்கள், டிக்கெட் எதுவும் இல்லாமல் தங்களை உறுத்தும் பழைய புரோகிராமைச் சரிசெய்துகொள்ள. இந்தக் கூலி, வேலைக்கு வெளியே இருந்து வரவில்லை, வேலையிலிருந்தே வருகிறது.

அப்ரைசலில் இந்தப் புள்ளியைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். இதில் நாங்கள் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. அப்ரைசல் ஷீட்டில் ஏறிய நிமிடம் அது விளையாட்டாக இருக்காது, சம்பளமாகிவிடும். சம்பளத்துக்காக மனிதர் எந்த விதியையும் வளைப்பார், வளைப்பவரைக் குறைசொல்லவும் முடியாது. 'காரணம் தெரியவில்லை' என்று அப்புறம் ஒருவரும் எழுத மாட்டார்.

எட்டு வருடமாக ஒரே புராஜெக்டில் இருக்கும் சேட்டன்களும் அண்ணன்களும்தான் பதில் தெரிந்தவர்கள். அவர்களுக்குப் பேட்ஜில் ஆர்வம் இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர்களை அசைப்பது வேறு: நாளெல்லாம் 'சேட்டா, ஒரு டவுட்' என்று வந்து நிற்பவர்களின் எண்ணிக்கை குறைவது. அவர்களுக்கான வார மெசேஜில் புள்ளியைப் போடாதீர்கள்; 'நீங்கள் எழுதிய இந்தப் பதிவை இந்த வாரம் நான்கு பேர் பயன்படுத்தினார்கள்' என்று போடுங்கள். அதற்கு மேல் விளையாட்டால் முடியாதது ஒன்றும் இருக்கிறது. தனக்கு மட்டுமே தெரிந்ததால்தான் தன் வேலை நிற்கிறது என்று ஒருவர் பயந்தால் எந்தப் புள்ளியும் அவர் வாயைத் திறக்காது. எழுதிக் கொடுத்தவரை அடுத்த காலாண்டில் பெஞ்சுக்கு (புராஜெக்ட் இல்லாமல் காத்திருக்க) அனுப்பிய நிறுவனத்தில் இந்த மடலைப் படித்துப் பயனில்லை.

எங்கள் எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று. குழு பேசுவது தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. எழுதச் சொல்வது ஆங்கிலத்தில். குழித்துறை தாண்டும்போது ரயிலில் பிரமாதமாக விளக்கிய அதே டிசைனை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் இளையவர்கள் பலர் ஒரு வரிக்கு மேல் போவதில்லை. தெரியாமல் இல்லை, ரிவ்யூவில் இலக்கணப் பிழை பிடிப்பார்கள் என்ற கூச்சம். இதற்கு வழி: தெரிந்தவர் தமிழிலோ மலையாளத்திலோ மூன்று நிமிட வாய்ஸ் நோட் பேசட்டும், இன்னொருவர் அதைக் கேட்டுப் பதிவாக எழுதட்டும், பேசியவர் படித்துச் சரிபார்க்கட்டும். புள்ளியை இருவருக்கும் தனித்தனியாக முழுதாகக் கொடுங்கள், பங்குபோட வைக்காதீர்கள். எழுதியவர் எழுதும்போதே கேள்வி கேட்பார் என்பதால் இப்படி வரும் பதிவில் 'தள்ளிய வழி' பகுதி நன்றாக நிரம்பும். ஆங்கில இலக்கணத்துக்கு ரிவ்யூ கமென்ட் போடக் கூடாது என்பதையும் விதியாகவே எழுதிவையுங்கள்.

ஏ.ஐ. கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரெப்போவைக் காட்டி 'ஆவணம் எழுது' என்றால் இப்போது ஐந்து நிமிடத்தில் நாற்பது பக்கம் வருகிறது. பக்கத்துக்குப் பாயின்ட் என்ற திட்டம் இத்தோடு ஒழிந்தது. அந்த நாற்பது பக்கமும் புரோகிராமில் இருப்பதையே திருப்பிச் சொல்லும். காரணம் கேட்டால் கேட்பதற்கு நன்றாக இருக்கும் ஒரு காரணத்தை இட்டுக்கட்டவும் செய்யும். பேச்சைச் சீர்செய்யவும் வாய்ஸ் நோட்டை எழுத்தாக்கவும் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். ஆனால் 'சூழல்', 'தள்ளிய வழி' இரண்டுக்கும் ஒரு சான்று கட்டாயம்: அளந்த எண், பேசிய த்ரெட், கிளையன்ட் மெயிலின் தேதி, ஏதாவது ஒன்று. சான்று இல்லாத காரணத்தை ரிவ்யூ செய்கிறவர் திருப்பி அனுப்ப வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம்? ஓர் ஆளுக்கு வாரம் இரண்டு மணி நேரம், டைம்ஷீட்டில் தனிக் குறியீட்டோடு. எட்டுப் பேருக்கு 16 மணி நேரம், அதாவது இரண்டு ஆள்-நாள். கிளையன்டுக்கு பில் போடும் புராஜெக்ட் என்றால் இதை எஸ்டிமேட்டிலேயே காட்டுங்கள். பதிவுகள் அவர்கள் ரெப்போவில் அவர்களுக்கே சேரும் பொருள், அதற்குப் பணம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஸ்கோர்போர்டை மட்டும் கிளையன்ட் கண்ணில் காட்டாதீர்கள். டைம்ஷீட்டில் இடமில்லாமல் 'ஆர்வமுள்ளவர்கள் செய்யலாம்' என்று விட்டால், இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டிலிருந்து எழுதுகிறவர் ஜெயிப்பார். கைக்குழந்தை உள்ளவரும் பாறசாலையில் இறங்கி பஸ் மாற வேண்டியவரும் தோற்பார்கள்.

பலன் தெரிந்ததா என்று பார்க்கப் புள்ளியின் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். சுற்று தொடங்கும் முன் ஒரு வாரம் டீம் சேனலில் 'இது ஏன் இப்படி' வகைக் கேள்வி எத்தனை வந்தது, அதில் எத்தனை ஏற்கெனவே வந்த கேள்வி என்று கையால் எண்ணிவையுங்கள். சுற்று முடிந்த பிறகும் அதே போல ஒரு வாரம் எண்ணுங்கள். பக்கத்துக் குழுவிலிருந்து புராஜெக்ட் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, ரெப்போவை மட்டும் கொடுத்து, முப்பது நிமிடத்தில் ஐந்து 'ஏன்' கேள்விகளுக்குப் பதில் தேடச் சொல்லுங்கள். கேள்விகளைப் பதிவு எழுதியவர்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது, டெஸ்டர்கள் தேர்ந்தெடுக்கட்டும். இந்த இரண்டு எண்ணும் இரண்டு சுற்றுக்குப் பிறகும் அசையவில்லையென்றால் புள்ளி எண்ணும் ஸ்கிரிப்டை நிறுத்திவிடுங்கள். டெம்ப்ளேட்டின் இரண்டு வரியும், டைம்ஷீட்டின் இரண்டு மணி நேரமும் மட்டும் இருக்கட்டும்.

முதல் சுற்றை ஒரே ஒரு குழுவில் தொடங்க வேண்டுகிறோம், முடிந்தால் அடுத்த மூன்று மாதத்தில் யாராவது நோட்டீஸ் கொடுக்கப்போகிறார் என்று உங்களுக்கே சந்தேகம் இருக்கும் குழுவில்.

இப்படிக்கு,
களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை செய்யும் டெவலப்பர்கள் சிலர்